மருதாசலத்தை மறக்கும் குழு

கேக் வெட்டியபோது எடுத்த துளியை, ஒரு நீலப் பொத்தானைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, எம்.டி. சென்னியப்பன் கண்ணை மூடினார். எதிரில் பண்பாட்டுத் தொடர்பு அலுவலர் தர்ஷினியும் மனிதவள மேலாளர் வித்யாசாகரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய புருவம் சுருங்கியது. கால் தானாக ஆடத் தொடங்கியது. கடைசியில் பொத்தானைப் பிய்த்து மேசைமேல் வைத்தார்.

"ஏனம்மணி, எனக்கு எதுக்கு வீட்டுக்குப் போகணும்போல இருக்குது?"

"அது வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டத்துல எடுத்ததுங்க சார்," என்றாள் தர்ஷினி. "டிசைன் செக்‌ஷன் ஆளோடது. எல்லாரும் கை தட்டிட்டு இருந்தப்ப எடுத்தது."

"கை தட்டறவனுக்கு எதுக்கு வீட்டுக்குப் போகணும்?"

"துளியில உணர்வு மட்டுந்தாங்க வரும். காரணம் வராது."

"காரணம் வராததும் நல்லதுதான் சார்," என்றார் வித்யாசாகர்.

வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை யாரும் நம்பாமல் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. புகழுரைகளை இயந்திரங்கள் எழுதின. சிரிக்கும் ஊழியர்களை இயந்திரங்கள் வரைந்தன. அந்த ஊழியர்களுக்குப் பெயரும் பிறந்தநாளும்கூட அவையே வைத்தன. பொய் சொல்ல முடியாத ஒன்று வேண்டுமென்று எல்லோரும் ஏங்கிய காலத்தில்தான் துளி வந்தது. வெள்ளைப் பொத்தானை ஒட்டிக்கொண்டால் அந்த நேரத்தில் ஒருவர் மனதில் ஓடுவது அதில் இறங்கிவிடும். நீலப் பொத்தானை ஒட்டிக்கொண்டால் அதே உணர்வு வேறொருவர் மனதில் ஏறிவிடும். மிட்டாய்க் கடையில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதைப்போல, இப்போது பிள்ளைகள் நிறுவனங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தார்கள். ஒவ்வொரு காலாண்டிலும் நிறுவனங்கள் அனுப்பும் துளிகளைத் துளி வாரியம் சோதித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தது.

கோவையை ஒட்டியிருந்த சென்னி பம்ப்ஸ் தொடர்ந்து சிவப்பு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சிவப்பு வந்தால் வருடாந்திர வேலைவாய்ப்புச் சந்தையில் கடை போட முடியாது.

இதில் வேதனை என்னவென்றால், சென்னியப்பனைவிடப் பண்பாட்டுக்கு அதிகம் செய்த முதலாளி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. எல்லா அறைகளுக்கும் இருந்த கதவுகளைக் கழற்றிவிட்டார். வரவேற்பறையில் ஊஞ்சல் கட்டினார். 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதவைத்தார். தினமும் காலையில் வாசலில் நின்று உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். ஆனால் ஊஞ்சல் துளி தலையைச் சுற்றியது. கைகொடுக்கும் துளியைப் போட்டுக்கொண்டவர்கள் தங்கள் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருமுறை உருகவைக்கும் அன்பு நிறைந்த துளி ஒன்று வந்தது. வாரியம் விசாரித்ததில், கொடுத்தவர் அந்த நேரத்தில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார் என்று தெரிந்தது.

"என்னோடதை அனுப்புனோமே, அது என்னாச்சு?" என்றார் சென்னியப்பன்.

தர்ஷினி வித்யாசாகரைப் பார்த்தாள். எம்.டி.யின் துளியை அவர்கள் இருவரும் போட்டுப் பார்த்திருந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தைக்கு வரும் பயம் அதில் முழுக்க நிறைந்திருந்தது. வித்யாசாகர் அழுதே விட்டார்.

"ரொம்ப ஆழமா இருந்துச்சுங்க சார். வாரியத்துக்குப் புரியல," என்றார் வித்யாசாகர்.

"நீங்க போட்டுப் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டாள் தர்ஷினி.

"என் மனசுல இருக்கறது எனக்குத் தெரியாதா? அதை விடு. எல்லாருக்கும் வெள்ளைப் பொத்தான் குடு. ஒருத்தனாச்சும் இங்க நிம்மதியா இருப்பான். அவனைக் கண்டுபிடி."

அவள் கண்டுபிடித்தாள். அதுதான் தவறாகப் போயிற்று.

வந்து குவிந்த துளிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது பண்பாட்டுத் தொடர்பு அலுவலரின் வேலை. இரண்டு நாட்களில் அவள் மற்றவர்களின் முதுகுவலி, மேலாளர் மீதான எரிச்சல், பிள்ளைகளின் காய்ச்சல் பற்றிய கவலை என அத்தனையையும் பட்டு முடித்திருந்தாள். மதிய உணவுக்குப் பின் இன்னொன்றை எடுத்து ஒட்டினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பொத்தான் பழுது என்று நினைத்தாள். பிறகுதான் அந்த ஒன்றுமில்லாததற்கு ஓர் எடை இருப்பது தெரிந்தது. மின்சாரம் போய், மின்விசிறி நின்று, ஃபிரிட்ஜ் அடங்கி, இவ்வளவு சத்தத்துக்குள்ளா இருந்தோம் என்று வீடே திகைக்கும் ஒரு கணம் உண்டல்லவா, அந்தக் கணம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. யாரும் எதையும் கேட்கவில்லை. யாருக்கும் பதில் தயாராக வைத்திருக்க வேண்டியதில்லை. எங்கேயோ ஓரத்தில் லேசான ஓர் இனிப்பு மட்டும் இருந்தது. தர்ஷினி பல வருடங்களாகப் பற்களைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது கடிப்பதை விட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பொத்தானை எடுத்தபோது மேசைமேல் இருந்த தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது.

துளியைக் கொடுத்தவர் மருதாசலம், ஒலிச்சோதனை அறை என்று திரையில் இருந்தது. அப்படி ஓர் அறை இருப்பதே அவளுக்குத் தெரியாது. காவலாளிக்கும் தெரியவில்லை. பெயிண்ட் ஷெட்டுக்குப் பின்னால், காலி மரப்பெட்டிகளைத் தாண்டி, நகைக்கடை லாக்கரைப்போலக் கனமான கதவு ஒன்று இருந்தது. கதவுகளைக் கழற்றியவர்கள் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை.

உள்ளே சுவர், கூரை எல்லாம் முட்டை அட்டைபோல மேடுபள்ளமான நுரை. நடுவில் ஓர் இரும்பு நாற்காலியும் சின்ன மேசையும். நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கமலா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். தோல் பிரியும் சத்தம் அவளுக்கு வாசலிலேயே கேட்டது.

"வாங்க மேடம். வழி தப்பிட்டீங்களா? வழி தப்புனவங்கதான் இங்க வருவாங்க."

"இல்லீங்ணா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

மருதாசலத்தின் முகம் விழுந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீங்களா," என்றார்.

அவர் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார். பம்பு ஓடும்போது சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்வது அவருடைய வேலை. பிறகு அதற்கு ஒரு மெஷின் வந்தது.

"பம்பு வர்றது நின்னு போச்சுங்க. நான் வர்றது நிக்கல."

"மெஷின் உங்க அளவுக்குக் கேக்குமாங்ணா?" என்று மரியாதைக்குக் கேட்டாள்.

"அது என்னைவிட நல்லாக் கேக்கும்ங்க. எனக்குக் காது சுமார்தான். எங்க சித்தப்பா சொல்லி வாங்கிக் குடுத்த வேலை."

"அப்பறம் யாரும் உங்களை ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கலீங்க."

"நீங்களாச்சும் போய்க் கேக்கலியா, நான் என்ன பண்றதுன்னு?"

"கேட்டா பதில் சொல்லிருவாங்களேன்னுட்டு கேக்கலீங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வாயை விட்டு வந்ததும் சுவர் அதை விழுங்கிக்கொண்டது.

"வீடு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துலங்க," என்றார் அவர். "முகூர்த்தம்னா மேளம். முகூர்த்தம் இல்லைன்னா மைக் செட்டுக்காரன் நாள்பூரா ஹலோ ஹலோன்னு டெஸ்ட் பண்ணுவான். இங்க வந்து கதவைச் சாத்துனாத்தான் நான் இருக்கறதே எனக்குத் தெரியுது. சும்மா சம்பளம் வாங்கறது தப்புத்தானுங்க மேடம். தப்புத்தப்புன்னு நெனைச்சிட்டேதான் உள்ள வருவேன். கதவைச் சாத்துனா அதுவும் கேக்கறதில்லை."

ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினார். துளியின் ஓரத்தில் இருந்த இனிப்பு எது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"உங்க பேரை யாருக்கும் சொல்ல மாட்டேனுங்ணா," என்றாள்.

அதை மனதாரத்தான் சொன்னாள். கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டமும் இருந்தது. அந்தத் தைரியத்தில் துளியை அனுப்பிவைத்தாள். வாரியம் பச்சை கொடுத்தது.

சந்தையில் சென்னி பம்ப்ஸின் கடைமுன் நின்ற வரிசை பக்கத்துக் கடைகளை மறைத்து, கழிவறை வரை போய்த் திரும்பியது. போட்டுப் பார்த்தவர்கள் பொத்தானைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார்கள். ஒரு பெண் நீலப் பொத்தானோடு நின்றபடியே தூங்கி, சாய்ந்துகொள்ள வித்யாசாகரின் தோளைத் தேர்ந்தெடுத்தாள். வேலையே வேண்டாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் எல்லோரும் இன்னொருமுறை வரிசையில் நின்றார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு வந்து, "பம்பெல்லாம் எனக்கு வேண்டாங்க, அந்த அஞ்சு நிமிஷத்தை மட்டும் போட்டு விடுங்க," என்றார்.

சென்னியப்பன் அந்தத் துளியை ஒரு நாளைக்குப் பலமுறை போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் தர்ஷினியை அழைத்தார்.

"யாரு அம்மணி அது?"

"சொல்லக் கூடாதுங்க சார். சட்டம்."

"வெளியாளுக்குச் சொல்லக் கூடாது. நான் வெளியாளா? என் கம்பெனில என்னால ஒருத்தன் இவ்வளவு நிம்மதியா இருக்கான். அவன் கையைப் பிடிச்சு நன்றி சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லியா?"

"அவரை வேலைய விட்டு எடுத்துருவீங்க சார்."

"எடுக்க மாட்டேன். எங்க கொலதெய்வம் மேல ஆணையாச் சொல்றேன். ராஜா மாதிரி வெச்சுக்கறேன்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்து அவள் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் மருதாசலத்தின் கதவு திறந்துகொள்ளும் சத்தம் தனக்குக் கேட்டதாக அவள் பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் வாக்குத் தவறவில்லை. மருதாசலத்தை வேலையிலிருந்து எடுக்கவில்லை. மாலை போட்டார். நிறுவனத்தின் பண்பாட்டுத் தூதர் என்று அறிவித்தார். வாசலில் அவருக்கு இரண்டு மாடி உயரத்தில் படம் வைத்தார்கள். அதில் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கொடுத்தவரே ஒப்புக்கொண்டால் பெயரை வெளியிடலாம் என்பது விதி. மாலையோடு நின்ற மனிதரிடம் வித்யாசாகர் கையெழுத்துக் கேட்டபோது அவருக்கு வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை. வரவேற்பறையில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில், நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறையில் அவரை உட்காரவைத்தார்கள். பார்வையாளர்கள் அவரைச் சுற்றிவந்து பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டி, "அண்ணா, நிம்மதியா இருங்ணா, ஒரு போட்டோ," என்றார்கள்.

அவருடைய அடுத்த துளி வந்தபோது தர்ஷினி அதை ஒட்டிய வேகத்தில் பிய்த்தெறிந்தாள். நான்கு பக்கமும் யாரோ விடாமல் தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. வாரியம் சிவப்பு கொடுத்ததோடு நிற்கவில்லை. முதல் துளி போலியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, மாதக் கடைசிக்குள் அதே ஆளிடமிருந்தோ, அதே அறையிலிருந்தோ இன்னொரு பச்சைத் துளி வராவிட்டால் சென்னி பம்ப்ஸின் பெயரைச் சந்தையிலிருந்து நிரந்தரமாக நீக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. வித்யாசாகர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். அவருடைய வாழ்நாளில் அவர் கண்டுபிடித்த சரியான காரணம் அநேகமாக அது ஒன்றுதான்.

"அவரு நிம்மதியா இருந்ததுக்குக் காரணம் நாம அவரை மறந்துட்டதுதான் சார். அதனால நாம மறுபடி மறக்கணும். திட்டம் போட்டு மறக்கணும்."

"செய்," என்றார் சென்னியப்பன்.

மறத்தல் குழு அன்றே அமைக்கப்பட்டது. துறைக்கு ஓர் உறுப்பினர். வாசலில் இருந்த படத்தை இறக்கினார்கள். வெயிலில் வெளுத்த சுவரில் ஆரஞ்சோடு ஓர் ஆளின் வடிவம் மட்டும் வெளுக்காமல் நின்றது. அதை யாரும் பார்க்க வேண்டாம் என்று அம்புக்குறி போட்டுப் பலகை வைத்தார்கள். மருதாசலம் பழைய அறைக்கு அனுப்பப்பட்டார். அறைக்கதவில் 'இங்கே யாரும் இல்லை' என்று எழுதி, யாரும் கதவைத் தொடாமலிருக்க ஒரு காவலாளியையும் நிறுத்தினார்கள். தினமும் காலையில் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரு செய்தி வந்தது: 'இன்று மருதாசலத்தை நினைக்க வேண்டாம். நன்றி.' மாலையில், அவரை நினைத்தீர்களா என்று கேட்டு இன்னொரு செய்தி வந்தது. நினைத்தவர்களுக்கு மறுபயிற்சி வகுப்பு. அங்கே முதல் பாடம் மருதாசலத்தின் வாழ்க்கை வரலாறு, எதை மறக்க வேண்டும் என்பதில் தெளிவு இருக்க வேண்டும் அல்லவா?

தர்ஷினி அவரைப் பார்க்கப் போனபோது காவலாளி, "உள்ள யாரும் இல்லீங்க, ஆனா டீ குடிச்சிட்டு இருக்காருங்க," என்றார்.

மருதாசலத்தின் வலது கை விரல்களில் மருந்து தடவியிருந்தது.

"கேன்டீன் அம்மா என்னைப் பாக்கக் கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டே ரசம் ஊத்துச்சுங்க," என்றார்.

"ரொம்ப எரியுதாங்ணா?"

"கை பரவால்லீங்க. எல்லாரும் சேந்து என்னை மறந்துட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சா எப்படிங்க சும்மா உக்காந்திருக்கறது? மேலுக்குச் செவுரு இருக்குது. ஆனா செவுத்துக்கு அந்தப் பக்கம் முச்சூடும் நாந்தான் இருக்கேன்."

அவர் ஒரு மஞ்சள் பையில் தண்ணீர் பாட்டிலையும் சின்னக் கத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சாமான்கள் அவ்வளவுதான். வெள்ளைப் பொத்தானை மேசைமேல் தனியாக வைத்திருந்தார்.

"நாளைலருந்து வரலீங்க மேடம். வீட்டுலயே இருந்துக்கறேன். மண்டபத்துச் சத்தம் பெரிய சத்தந்தான். ஆனா அது எனக்காகப் போடற சத்தம் இல்லீங்க."

தர்ஷினி மன்னிப்புக் கேட்கலாம். அதையும் அந்த நுரைச் சுவர் விழுங்கிவிடும். அவள் அவரிடமிருந்து எடுத்தது ஒரு பொருளாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒருவரை யாரும் பார்க்காமலிருந்த காலத்தை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? அவர் பையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருங்ணா," என்றாள் கடைசியில்.

நேராக எம்.டி.யின் கதவில்லாத அறைக்குப் போனாள்.

"சார், இந்தக் கம்பெனில நீங்க இன்னும் அந்த ரூமைப் பாக்கவே இல்ல. வாங்க."

"குழு என்னைய அந்தப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லியிருக்குது."

"அவரு வேலைய விட்டுப் போறாருங்க சார்."

சென்னியப்பன் எழுந்துவிட்டார். பெயிண்ட் ஷெட் வரை வழியில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே போனார். காவலாளிக்கும் கொடுத்தார். உள்ளே நுழையும்போதே பேசத் தொடங்கிவிட்டார்.

"மருதாசலம், நீ என்ன இப்படிப் பண்றே? நாம ஒரே குடும்பம். குடும்பத்துல ஒருத்தன் கோவிச்சிட்டுப் போனா..."

அங்கே நின்றுவிட்டார். முப்பது வருடங்களாகப் பேசி வருகிற மனிதர். பேசியது எங்கேயாவது பட்டுத் திரும்பி வந்து காதில் விழும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவார். இங்கே எதுவும் திரும்பி வரவில்லை. "குடும்பத்துல..." என்று இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பவரைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க சார்," என்றார் மருதாசலம்.

சென்னியப்பன் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பேச எதுவும் இல்லாததால் கைக்கு ஒரு வேலை தேடி, மேசைமேல் இருந்த வெள்ளைப் பொத்தானை எடுத்தார். "இதுலதான் எடுத்ததா? இதுல கோளாறு இருக்குமோ என்னமோ," என்று முணுமுணுத்துக்கொண்டே, அது நீலமா வெள்ளையா என்றுகூடப் பாராமல், தினமும் செய்கிற பழக்கத்தில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

தர்ஷினி அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மருதாசலத்தின் முழங்கையைத் தொட்டு, வெளியே வரும்படி தலையை அசைத்தாள். இருவரும் கதவைச் சாத்திவிட்டு வந்து மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். மருதாசலம் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்க முயன்றார். விரல் எரிந்தது. அவள் வாங்கி உரித்தாள்.

வெகுநேரம் கழித்து மருதாசலம் கதவை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"தூங்கிட்டாருங்களா?"

"இல்லீங்க. சும்மா இருக்காரு."

பெயிண்ட் ஷெட்டின் நிழல் மரப்பெட்டிகளைத் தாண்டிப் போன பிறகு சென்னியப்பன் வெளியே வந்தார். வெயிலில் அவருடைய கண் கூசியது. அவர்கள் இருவரையும் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காவலாளி கையை நீட்டிக்கொண்டு நின்றார். சென்னியப்பன் அதைக் கவனிக்காமலே தாண்டி நடந்து போனார்.

மருதாசலம் உள்ளே போய் மேசைமேல் இருந்த பொத்தானை எடுத்துவந்து தர்ஷினியிடம் கொடுத்தார்.

அவள் அதில் இருந்ததைத் தன்னிடமிருந்த நீலப் பொத்தானுக்கு மாற்றி அங்கேயே போட்டுப் பார்த்தாள். தொடக்கத்தில் திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட அந்தப் பயம் இருந்தது. அவளுக்கு அது ஏற்கெனவே அறிமுகமான பயம். அது யாரையோ தேடிக்கொண்டே இருந்தது. தேடித் தேடிக் களைத்து, ஓர் இடத்தில் உட்கார்ந்தது. பிறகு காலையிலிருந்து போட்டிருந்த இறுக்கமான செருப்பைக் கழற்றியதுபோல ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த எடையுள்ள, நல்ல ஒன்றுமில்லாமை.

அதே அறையிலிருந்து என்று மட்டும் எழுதி அனுப்பினாள். பெயரை வெளியிட வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டாள். பச்சை வந்தது. இதுவரை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காத அளவு ஆழ்ந்த பச்சை என்று வாரியத்தில் இருந்தவர்கள் சொன்னார்களாம்.

மறத்தல் குழுவின் வெற்றிக்காக வித்யாசாகருக்குக் கேடயம் கொடுக்கப்பட்டது. வேலை முடிந்ததென்று குழு கலைக்கப்பட்டது. கலைத்த இரண்டு வாரங்களில் எல்லோரும் மருதாசலத்தை உண்மையாகவே மறந்துபோனார்கள். காவலாளியை வேறு வாசலுக்கு மாற்றினார்கள். மருதாசலம் மஞ்சள் பையோடு திரும்ப வந்துவிட்டார். அறையில் இப்போது இரண்டு நாற்காலிகள் இருந்தன. நான்கு மணி வாக்கில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாராம்.

"உங்களுக்கு அது தொந்தரவா இல்லீங்களாங்ணா?" என்று தர்ஷினி ஒருநாள் கேட்டாள்.

"அவரு பேசறதில்லீங்க மேடம். பேசாம இருந்தா யாரா இருந்தா என்னங்க," என்றார் மருதாசலம். பிறகு, "ஆரஞ்சு நல்லாத் திங்கறாரு," என்று சேர்த்துக்கொண்டார்.

காலாண்டு முடிவில் சென்னியப்பன் அவளைக் கூப்பிட்டார். அவருடைய மேசைமேல் நீலப் பொத்தான் இருந்தது. அந்தப் பச்சைத் துளியை அவர் தினமும் போட்டுக்கொள்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அம்மணி, இந்த மருதாசலம் இருக்கான் பாரு, குடுத்து வெச்சவன்," என்றார். "ஆனா இந்தத் துளில ஒண்ணு கவனிச்சியா? மொதல்ல ஒரு பயம் இருக்குது. யாரும் தன்னைச் சேத்துக்க மாட்டாங்களோங்கற மாதிரி ஒரு பயம். அப்பறம் கரைஞ்சு போயிருது. பாவம், அவனுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. எதுக்காம், ஏதாச்சும் சொன்னானா?"

தர்ஷினி அவரைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பின்னால் நகர்ந்தபடி கீக் கீக் என்று கத்திக்கொண்டே போனது.

"துளியில காரணம் வராதுங்களே சார்," என்றாள்.

"ஆமாமா," என்றார் அவர். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "சரி, நான் பெயிண்ட் ஷெட் பக்கம் போய் ஒரு பார்வை பாத்துட்டு வர்றேன்."

"யாராச்சும் வந்து உங்களைக் கேட்டா என்ன சொல்லட்டுங்க சார்?"

சென்னியப்பன் கதவில்லாத வாசலில் நின்று யோசித்தார். வெளியே ஆட்கள் அவரவர் வேலையில் குனிந்திருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரும் கேக்க மாட்டாங்க அம்மணி," என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில், அந்த நிறுவனத்தில் அவள் இதுவரை யாரிடமும் கண்டிராத ஒரு சந்தோஷம் இருந்தது. அவளுடைய கையில் அப்போது வெள்ளைப் பொத்தான் இல்லை. இருந்திருந்தாலும் அவள் அதை எடுத்திருக்கப்போவதில்லை.